கணக்கு யாரிடம் திரும்ப வேண்டும்?



இந்தச் செஞ்சி ஊரின் உடல்நலத்தைப் பற்றி அச்சில் கிடைக்கும் பழைய எண்களில் ஒன்று 1,200. 1750-ஆம் ஆண்டு புஸ்ஸியின் தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை செஞ்சிக் கோட்டையைப் பிடித்தது. 1761-இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஒரு நேரத்தில் நூறு ஐரோப்பியருக்கு மேல் இங்கே நிறுத்தி வைக்காத பிரெஞ்சுக்காரர்கள், அந்தப் பத்தாண்டுகளில் 1,200 ஐரோப்பியரைப் பறிகொடுத்தார்கள் என்று ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ஓர்ம் எழுதிவைத்தார். கர்நாடகப் பகுதியிலேயே உடம்புக்கு ஆகாத இடம் செஞ்சிதான் என்பது அவருடைய தீர்ப்பு. அந்த எண் எவ்வளவு துல்லியமானது என்பதைவிட, அது யாரைப் பற்றிய எண் என்பதே இன்று நமக்கு வேண்டிய கேள்வி. அதே பத்தாண்டுகளில் கோட்டை மலைகளான ராஜகிரியின் அடிவாரத்திலும் கிருஷ்ணகிரியின் அடிவாரத்திலும் குடியிருந்த உழவர்களும் குயவர்களும் நெசவாளர்களும் எத்தனை பேர் நோயில் போனார்கள் என்று எந்த ஏட்டிலும் இல்லை. செத்த வீரனுக்குப் பதிலாக இன்னொருவனைப் புதுச்சேரியிலிருந்து அனுப்ப வேண்டியிருந்தது; ஆகவே அவன் எண்ணப்பட்டான்.

எண்ணுகிறவரின் தேவைக்காக எண்ணுவது என்ற இந்த வழக்கம் அடுத்த நூற்றாண்டிலும் மாறவில்லை. இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படையின் சுகாதார நிலையை ஆராய 1859-இல் ஓர் அரச ஆணையம் அமைக்கப்பட்டது. ஆயிரம் வீரர்களுக்கு ஆண்டுக்கு 69 பேர் இறக்கிறார்கள் என்று 1863-இல் அது சொன்னபோது லண்டன் அதிர்ந்தது. மாகாணங்கள்தோறும் சுகாதார ஆணையங்கள் வந்தன. பிறகு ஊர்களிலும் சாவு எழுதப்பட்டது. கிராம முன்சீப் எழுதினார். அது தாலுகா கச்சேரிக்குப் போய், கலெக்டருக்குப் போய், சென்னையில் ஆண்டறிக்கையாக அச்சேறியது. சாவுக்கான காரணங்களில் மிகப் பெரிய தலைப்பு ‘காய்ச்சல்’. மலேரியாவா, டைபாய்டா, வேறொன்றா என்ற பிரிவு கிடையாது. அந்த அறிக்கையிலிருந்து ஒரு வரிகூட எழுதிய ஊருக்குத் திரும்பி வந்ததில்லை. திரும்பி வராத கணக்கைத் திருத்த யாருக்கும் அக்கறை பிறக்காது. எழுதுகிறவர் கடமைக்கு எழுதினார், வாங்குகிறவர் கடமைக்குக் கூட்டினார்.

இன்று நான் வைக்கும் வாதம் இதுதான்: மக்களின் உடல்நலத் தகவலைத் திரட்டும் ஓர் அமைப்பு, அது டிஜிட்டலாக இருந்தாலும் காகிதமாக இருந்தாலும், நல்லதா இல்லையா என்பதை மேலே எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதைக் கொண்டு அளக்கக் கூடாது, எழுதியவர் கைக்கு எவ்வளவு திரும்பியது, அங்கே எது மாறியது என்பதைக் கொண்டே அளக்க வேண்டும். வளரும் நாடுகளின் சுகாதாரத் துறைகள் கணினிக்கும் சர்வருக்கும் செயலிக்கும் பெரும் பணம் செலவிடுகிற காலம் இது. மத்திய அரசு 2021 செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தைத் தொடங்கியது. தொற்றுநோய்க் கண்காணிப்பு, காசநோய், தடுப்பூசி, தாய்-சேய் நலம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு தளம் இருக்கிறது. செஞ்சி வட்டாரத்தில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் பணியாற்றும் கிராம சுகாதார செவிலியர், இவற்றில் பலவற்றுக்கும் ஒரே ஆளாக விவரம் தருகிறார். அவருக்கு அவை என்ன தருகின்றன என்பதே இந்தச் சொற்பொழிவின் பொருள்.

முதலில் தருவதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் டிஜிட்டல் முறைமீது எனக்குப் பகை இல்லை. தமிழ்நாட்டில் 2008-இல் தொடங்கிய பிக்மி என்னும் கர்ப்பிணிப் பதிவு முறையைப் பாருங்கள். கருவுற்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு 12 இலக்க எண். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்கு அந்த எண் வேண்டும். 2017-லிருந்து குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் வேண்டும். நம் பெண்கள் வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போகிறவர்கள். புகுந்த ஊரில் பதிந்து, பிறந்த ஊரில் பிரசவித்து, மூன்றாம் ஊரில் தடுப்பூசி போடுகிறவர்கள். காகித ரெஜிஸ்டரில் அப்படிப்பட்ட பெண் ஓர் ஊரில் ‘காணவில்லை’, இன்னோர் ஊரில் ‘திடீரென்று வந்தார்’. எண் வந்த பிறகு, மேல்மலையனூர் பக்கம் பதிந்தவர் திண்டிவனத்தில் போய் நின்றாலும் அவருடைய இரத்தசோகையும் முந்தைய சிசேரியனும் அவருக்கு முன்னால் போய் நிற்க முடியும். இந்த மாதம் யார் யாருக்குப் பேறுகாலம் என்ற பட்டியல் செவிலியர் கைக்கு வருகிறது. ஒரு நல்ல தகவல் அமைப்பு இப்படித்தான் எழுதியவருக்கே உதவ வேண்டும்.

ஆனால் இந்த உதவியைத் தந்தது கணினிதான் என்று நினைத்தால் தவறிவிடுவோம். கணினி இல்லாத காலத்திலேயே பக்கத்து மாவட்டத்தில் இதை ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நச்சுயிரியல் அறிஞர் ஜேக்கப் ஜான், 1980-களில் அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் ஒரு நோய்க் கண்காணிப்பு முறையை ஏற்படுத்தினார். அதன் கருவி அஞ்சலட்டை. அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை என்ற பேதமில்லாமல், காலரா, தட்டம்மை, மூளைக்காய்ச்சல் போன்ற குறிப்பிட்ட சில நோய்களில் ஒன்றைக் கண்டால் மருத்துவர் ஓர் அட்டையை எழுதித் தபாலில் போட வேண்டும். வந்த அட்டைகளைத் தொகுத்து மாதந்தோறும் ஒரு செய்திமடல் அச்சடித்து, அட்டை எழுதிய அத்தனை பேருக்கும் அனுப்பினார்கள். வட ஆர்க்காடு மாவட்டச் சுகாதாரத் தகவல் என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘நதி’ என்று வாசிக்கலாம். அந்தப் பெயராலேயே அது அறியப்பட்டது. வளரும் நாடுகளுக்கு மாவட்ட அளவில் ஒரு முன்மாதிரி என்று இதைப் பற்றிய கட்டுரை 1998-இல் லான்செட் இதழில் வந்தது. அடுத்த ஆண்டே கேரளத்தின் கோட்டயம் மாவட்டம் இதைப் பின்பற்றித் தன் முறையைத் தொடங்கியது. ஒரு தனியார் மருத்துவர் எந்தச் சட்டமும் வற்புறுத்தாமல் ஏன் அட்டை எழுதினார்? எழுதினால் அடுத்த மாதம் மடலில் தன் ஊரையும் பக்கத்து ஊரையும் பார்க்கலாம் என்பதால் எழுதினார். மேலிடம் தந்த ஒரே கூலி அந்தத் தகவல்தான். அதுவே போதுமானதாக இருந்தது.

இதைவிடப் பெரிய சான்று தாய்மார் மரணத் தணிக்கை. 1990-களின் நடுவில் தமிழ்நாடு ஒவ்வொரு பேறுகால மரணத்தையும் தனித்தனியே விசாரிக்கத் தொடங்கியது. இறப்பு 24 மணி நேரத்துக்குள் மேலே சொல்லப்பட வேண்டும். மருத்துவமனையிலும் வீட்டிலும் போய் விசாரிக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் தலைமையில், இறந்தவரின் குடும்பத்தாரும் அமர, என்ன நடந்தது என்று பேச வேண்டும். ஆம்புலன்ஸ் வரவில்லையா, வந்த இடத்தில் இரத்தம் இல்லையா, மயக்க மருத்துவர் இல்லையா, எல்லாம் இருந்தும் ‘பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்’ என்று மூன்று இடங்களில் திருப்பிவிட்டார்களா? இந்தக் கேள்விகளிலிருந்துதான் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர் சுழற்சிமுறையில் 24 மணி நேரமும் பிரசவம் பார்ப்பதும், தாலுகா, மாவட்ட மருத்துவமனைகளில் அவசரப் பேறுகால மையங்கள் அமைந்ததும் வலுப்பெற்றன. 2018-20 மாதிரிப் பதிவுக் கணக்கின்படி உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தார்கள்; தமிழ்நாட்டில் 54. இந்த வேறுபாட்டுக்குக் கல்வி, சாலை, திருமண வயது எனப் பல காரணங்கள் உண்டு. தணிக்கை ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தணிக்கை செய்தது எது என்பதைப் பார்க்க வேண்டும். ஒரு மரணத்தை அது கூட்டல் கணக்கில் கரைய விடவில்லை. அது நடந்த வட்டாரத்துக்கே திருப்பிக் கொண்டுவந்து, மேசைமேல் வைத்து, இனி என்ன செய்வீர்கள் என்று கேட்டது.

2022 ஏப்ரலில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டமும் இந்த வழியில்தான் போகிறது. தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் மாநிலக் காசநோய்ப் பிரிவும் சேர்ந்து நடத்துவது. நோய் கண்டறிந்ததும் எடை-உயர விகிதம், மூச்சு வேகம், இரத்தத்தில் ஆக்சிஜன், காலில் வீக்கம், பிடிமானமில்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என ஐந்தே விஷயங்களைப் பார்ப்பார்கள். நிலைமை மோசமென்றால் உடனே மருத்துவமனையில் சேர்ப்பார்கள். தொடக்கத்தில் இதற்குப் பயன்பட்டது காகிதப் படிவம். இணையச் செயலி பின்னால் வந்தது. இந்த ஐந்தும் டெல்லிக்காக எழுதப்படுபவை அல்ல. எழுதுகிற அந்த நிமிடமே எழுதுகிறவரின் அடுத்த செயலைத் தீர்மானிக்கின்றன. வரிசை முக்கியம்: முதலில் எதற்கு என்று தெளிந்தார்கள், பிறகு எவ்வளவு குறைவாகக் கேட்கலாம் என்று பார்த்தார்கள், கடைசியில்தான் கணினிக்குப் போனார்கள். நம்முடைய பெரும்பாலான திட்டங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன.

தலைகீழாகச் செய்தால் என்ன ஆகும்? எண் மேலே மட்டும் போய், அதோடு பணமும் பெயரும் கட்டிவிடப்பட்டால், எண் வளரும். உண்மை அந்த அளவுக்கு வளராது. காவி என்னும் உலகத் தடுப்பூசிக் கூட்டமைப்பு, கூடுதலாக முத்தடுப்பூசி போடப்படும் ஒவ்வொரு குழந்தைக்கும் 20 டாலர் என்று ஏழை நாடுகளுக்கு ஊக்கத்தொகை கொடுத்தது. அந்த நாடுகளின் அரசுக் கணக்கையும் வீடுவீடாக எடுத்த ஆய்வுகளின் கணக்கையும் ஒப்பிட்ட கட்டுரை 2008-இல் லான்செட்டில் வெளியானது. அரசுகள் சொன்னது 1 கோடியே 39 லட்சம் கூடுதல் குழந்தைகள்; ஆய்வுகள் காட்டியது ஏறத்தாழ 74 லட்சம். அந்த நாடுகளின் செவிலியர்கள் நேர்மையற்றவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்வது அநியாயம். கேட்கிற இடத்துக்கு எண் மட்டுமே வேண்டும் என்றால் எண் மட்டுமே வரும். மேலேயுள்ளவர் ஏமாறுவதோடு போனால் பரவாயில்லை. எந்தக் குக்கிராமத்தில் குழந்தைகள் விடுபட்டார்கள் என்பது கீழேயும் மறைந்துவிடுகிறதே, அதுதான் இழப்பு.

நம் மாநிலத்திலும் பாடம் உண்டு. 2020 ஜூலையில், கொரோனா முதல் அலையின்போது, மாநில அறிக்கையில் வராமல் போன 444 இறப்புகளை அரசு ஒரே நாளில் சேர்த்தது. சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவேடும் மாநிலச் சுகாதாரத் துறையின் பட்டியலும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று தெரிந்து, குழு அமைத்துச் சரிபார்த்த பிறகு வந்த எண்ணிக்கை அது. நாட்டிலேயே நல்ல சுகாதாரக் கட்டமைப்பு உள்ள மாநிலம், அதன் தலைநகரம், எல்லாரும் கணினியில் வேலை செய்த காலம். ஆனாலும் இரண்டு ஏடுகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் பேசிக்கொள்ளவில்லை. சரிபார்த்து வெளிப்படையாகச் சேர்த்ததற்கு அரசைப் பாராட்ட வேண்டும். பல மாநிலங்கள் அதைக்கூடச் செய்யவில்லை.

மக்களைத் தேடி மருத்துவத்தைப் பற்றியும் ஒரு சொல். 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய இத்திட்டத்தில், மகளிர் தன்னார்வலர்கள் வீட்டுக்கே போய் இரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்து மருந்து தருகிறார்கள். பயனாளிகளின் எண்ணிக்கை கோடிக் கணக்கில் அறிவிக்கப்படுகிறது. அந்த எண்ணைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. 2020-இல் மாநிலம் நடத்திய மாதிரி ஆய்வில், இரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கே அது கட்டுக்குள் இருந்தது, சர்க்கரையில் 10.8. அடுத்த சுற்றில், 2023-24-இல், அவை 17-ஆகவும் 16.7-ஆகவும் உயர்ந்தன. இது முன்னேற்றம்தான், ஆனால் ஆறில் ஐந்து பேருக்கு இன்னும் கட்டுக்குள் இல்லை என்பதையும் இதே எண்கள் சொல்கின்றன. எத்தனை வீட்டுக்குப் போனோம் என்பது மேலே போகும் கணக்கு. போன வீட்டில் எத்தனை பேருக்கு அழுத்தம் இறங்கியது என்பது அந்தத் தன்னார்வலருக்கும் அந்த ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கும் மாதாமாதம் தெரிய வேண்டிய கணக்கு.

இனி எதிர்வாதங்களைப் பார்ப்போம். மேலே தகவல் போகாமல் திட்டமிட முடியுமா, தடுப்பூசியும் மருந்தும் எப்படிப் பங்கிடுவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மேலே போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கீழே பயன்படுகிற தகவல்தான் மேலே போகும்போதும் நம்பத்தக்கதாக இருக்கும் என்கிறேன். தன் பட்டியல் தவறானால் தன் கர்ப்பிணி விடுபடுவார் என்று தெரிந்த செவிலியர் அதைத் திருத்துவார். இன்று பல வளரும் நாடுகளின் சுகாதார அமைச்சகங்கள் பயன்படுத்தும் டி.எச்.ஐ.எஸ். என்ற கட்டற்ற மென்பொருளின் பிறப்பே இதற்குச் சான்று. நிறவெறி ஆட்சி முடிந்த தென்னாப்பிரிக்காவில், 1990-களின் நடுவில், மாவட்டச் சுகாதார ஊழியர்கள் தாங்களே தங்கள் எண்களைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு அது உருவானது. கேட்கும் விவரங்களை அத்தியாவசியமான சிலவாகச் சுருக்குவதுதான் அவர்கள் முதலில் செய்த வேலை. நார்வேயின் ஆஸ்லோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வழியாக அது இந்தியாவுக்கு வந்த முதல் இடம் நம் எல்லையை ஒட்டிய குப்பம், ஆண்டு 2000. மென்பொருள் உலகமெங்கும் பரவிவிட்டது. எந்த எண்ணத்தில் அது பிறந்ததோ அந்த எண்ணம் அதோடு சேர்ந்து எல்லா இடத்துக்கும் போகவில்லை.

டிஜிட்டல் வந்ததும் எழுத்து வேலை குறைந்துவிடாதா என்பது இன்னொரு வாதம். குறைய வேண்டும். நடப்பில் ரெஜிஸ்டர் போகவில்லை, திரை மட்டும் கூடியது. பகலில் நோட்டில் எழுதி, இரவில் வீட்டில் செயலியில் ஏற்றும் சுமை பற்றி கிராம சுகாதார செவிலியர்கள் தொடர்ந்து குரல் கொடுத்து வருகிறார்கள். அவர்களுக்குக் கணினி தெரியவில்லை என்று சொல்லி இதைத் தள்ளிவிடக் கூடாது. ஒரு கர்ப்பிணியின் வீட்டில் இன்னும் பத்து நிமிடம் உட்கார்ந்து, மாமியாரிடம் பேசி, இரும்புச்சத்து மாத்திரையை விழுங்கவைக்கும் நேரத்தைத்தான் இந்தப் பதிவு தின்கிறது. ஒரு புதிய திரையைத் திறக்கும் அரசாணை, எந்தப் பழைய ரெஜிஸ்டரை மூடுகிறது என்பதையும் அதே ஆணையில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்தத் திரையைத் திறக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாவது எதிர்வாதம் கனமானது. தகவலைக் கீழே பரப்பினால் அந்தரங்கம் என்னாவது? ஒரு தெருவில் யாருக்குக் காசநோய், யாருக்கு எச்.ஐ.வி., எந்தப் பெண் கருக்கலைப்புக்குப் போனார் என்பது வெளியே தெரிந்தால் வாழ்க்கையே குலையும். 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் அதில் அரசுக்கு விரிவான விலக்குகள் இருக்கின்றன. இந்த அச்சத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் ஆபத்து எங்கே திரள்கிறது என்று பாருங்கள். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் தாக்கப்பட்டு, நாட்டின் முதன்மை மருத்துவமனை நாள்கணக்கில் கையால் சீட்டு எழுதியது. 2023 ஜூனில் தடுப்பூசி போட்டவர்களின் விவரங்கள் டெலிகிராமில் கிடைப்பதாகச் செய்தி வந்தது. அந்த விவரங்களை வைத்திருந்த கோவின் தளம் பாதுகாப்பானது என்று அரசு மறுத்தாலும் மக்களின் கலக்கம் எளிதில் தீரவில்லை. கோடிப் பேரின் பெயரை ஓரிடத்தில் குவிப்பதில்தான் பெரிய ஆபத்து. செவிலியருக்குத் தன் ஊரார் பெயர் ஏற்கெனவே தெரியும். ஆகவே பெயர், மருத்துவம் பார்ப்பவரோடு நிற்கட்டும். மேலே போவது எண்ணாக இருக்கட்டும். ஊருக்குத் திரும்புவதும் எண்ணாகவே இருக்கட்டும். சின்னக் குக்கிராமத்தில் ‘ஒருவர்’ என்று எழுதினாலே ஆள் தெரிந்துவிடும் என்றால், அதை வட்டார எண்ணோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். இது எளிய ஒழுங்கு. பின்பற்றும் மனம்தான் வேண்டும்.

செஞ்சிக்கென்று இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. இங்கே நோய் முற்றியவர் தென்கிழக்கே முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். மேற்கே திருவண்ணாமலைக்குப் போகலாம். புதுச்சேரி ஜிப்மருக்குப் போகலாம். முதலாவது சொந்த மாவட்டம், இரண்டாவது பக்கத்து மாவட்டம், மூன்றாவது வேறொரு ஆட்சிப் பகுதியில் இருக்கும் மத்திய அரசு நிறுவனம். பேருந்து மூன்றுக்கும் போகிறது. அங்கே என்ன நோய் என்று கண்டுபிடித்தார்கள் என்ற செய்தி செஞ்சிக்குத் திரும்ப வர மட்டும் நிச்சயமான வழி இல்லை. அனுப்பிவைத்த மருத்துவருக்குத் தன் ஐயம் சரியா தவறா என்பதே தெரியாமல் போனால், அடுத்த நோயாளிக்கு அவர் எதைக் கொண்டு முடிவெடுப்பார்?

உண்ணிக் காய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரப் டைபஸ் என்பது அதன் மருத்துவப் பெயர். புதரும் புல்லும் உள்ள இடங்களில் வாழும் மிகச் சிறிய பூச்சியின் இளம் பருவம் கடிப்பதால் வருவது. மழை தொடங்கிக் குளிர் முடியும்வரை, ஐப்பசியிலிருந்து மாசிவரை, நம் பகுதியில் கூடும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போன்ற ஒரு கறுப்புப் பொருக்கு பலருக்கு இருக்கும்; ஆனால் அது அக்குளிலோ தொடையிடுக்கிலோ மறைந்திருக்கும், தேடினால்தான் தெரியும். டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் என்ற விலை மலிவான மருந்துகள் இதைக் கேட்கும்; சாதாரணக் காய்ச்சலுக்கு எழுதும் பல ஆண்டிபயாடிக்குகள் கேட்காது. தாமதித்தால் நுரையீரலும் சிறுநீரகமும் போகும். வேலூர் ஆய்வுகள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது, மருத்துவமனையில் சேரும் காய்ச்சல்களுக்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பதை. ஆக, இந்த வாரம் செஞ்சிப் பக்கத்திலிருந்து போன எத்தனை பேருக்கு உண்ணிக் காய்ச்சல் உறுதியானது என்ற ஓர் எண் உள்ளூர் மருத்துவருக்குத் தெரிந்தால் போதும், அவர் நோயாளியின் சட்டையைக் கழற்றச் சொல்லி அந்தப் பொருக்கைத் தேடுவார்.

இதற்குப் புதுத் தளம் எதுவும் வேண்டாம். செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நெல் கொண்டுவரும் விவசாயி, அன்றைய விலையை அன்றே தெரிந்துகொள்கிறார். விலை தெரியாமல் மூட்டையை விற்றுவிடு என்று யாரும் அவரிடம் சொல்ல முடியாது. தன் உடம்பைப் பற்றிய கணக்கிலும் இந்த ஊருக்கு அதே உரிமை வேண்டும். வருகிற ஐப்பசியில், செஞ்சி அரசு மருத்துவமனையும் சுற்றியுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களும் தனியார் கிளினிக்குகளும் இரத்தப் பரிசோதனை நிலையங்களும் சேர்ந்து, வாரம் ஒரு பக்கம், தமிழில் வெளியிடலாம். காய்ச்சலோடு வந்தவர் இத்தனை. டெங்கு உறுதியானது இத்தனை, டைபாய்டு இத்தனை, உண்ணிக் காய்ச்சல் இத்தனை. முண்டியம்பாக்கத்துக்கும் திருவண்ணாமலைக்கும் ஜிப்மருக்கும் அனுப்பியவர் இத்தனை, அவர்களில் இன்னும் பதில் வராதவர் இத்தனை. அந்தக் கடைசி வரியை முதல் வாரமே நிரப்பிவிட முடியாது. வெற்றாக விட்டாவது அச்சடிக்க வேண்டும்.